பொத்தான் போட்ட பிரபுவும் மொட்டை மாடிக் கதவும்

கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, 'இது கதையின் நடுவில்தானே வரும், ஆரம்பத்திலேயே வந்துவிட்டதே' என்பதுதான்.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு, உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயில். என்னைப் பெண் பார்க்க ஒத்தக்கடையிலிருந்து வந்திருந்தவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மா காயப் போட்டிருந்த மிளகாய் வற்றல்.

படிக்கட்டின் உச்சியில் இருந்த இரும்புக் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது. சாத்திய வேகத்தில் அந்தப் பக்கத்து நாதாங்கி விழுந்து மாட்டிக்கொண்ட சத்தமும் சேர்ந்தே கேட்டது.

"கதவு சாத்திருச்சு போல" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றேன்.

நாங்கள் தனியாகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

கதவை இப்படியே விட்டுவிட்டு, என் மனசு ஏன் கதைக் கணக்கில் ஓடியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு நான் செய்தது உங்களுக்குத் திமிராகத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது.

கவுனுக்காக வாங்கியது

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை சமயத்தில் எனக்கு அம்மை போட்டது. அம்மை இறங்குவதற்குள் அப்பா தவறிவிட்டார். அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டுக்குத் தையல் மிஷின் வந்தது. போன வாரம் இந்தத் தொடரில் அதைத்தான் எழுதியிருந்தேன். வருத்தமே இல்லாமல் எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகி குறைபட்டிருக்கிறார். வருத்தப்பட எனக்கு நேரம் கிடையாது அம்மா. கவலைப்படுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள் நான். ஜாக்கெட்டை இறுக்கமாகத் தைத்துக் கொடுத்துவிட்டால், அதைப் போட்டுக்கொண்டு போன அக்கா மண்டபத்தில் மூச்சு முட்டி விழுந்திருப்பாரோ என்று அவர் வீட்டு வழியாகச் சும்மா ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வருவேன்.

அப்படி இருந்த காலத்தில் ஒரு டீச்சர் வந்து, மகளின் பிறந்தநாளுக்கு நெஞ்சுக்குக் கீழேயே இடுப்பு வந்துவிடுகிற மாதிரி ஒரு கவுன் வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பழைய பேப்பர் கடையில், கயிறு போட்டுக் கட்டிய இங்கிலீஷ் புத்தகக் கட்டு ஒன்றின் மேல் அட்டையில் அதே கவுனைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். கட்டைப் பிரித்துத் தர மாட்டேன் என்றார் கடைக்காரர். முழுசாக வாங்கிவந்தேன்.

கவுன் நன்றாக வந்தது. அட்டையின் வேலை அதோடு முடிந்தது. ஒரு நாள் கரண்ட் போய்விட்டது, மிஷினை மிதிக்கவும் தெம்பில்லை. உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது என்று புரட்டினேன். போனில் பக்கத்தைப் படம் பிடித்தால் தமிழில் காட்டும். அது காட்டிய தமிழ் இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்று புரிந்தது. முதல் பக்கத்திலேயே அந்தப் பெண் கூரை ஒழுகுவதை நினைத்துக் கவலைப்பட்டாள், தங்கச்சிக்கு இருமல் என்று கவலைப்பட்டாள், தம்பியின் சேர்க்கை சரியில்லை என்று கவலைப்பட்டாள். நம்ம ஆள் என்று தோன்றியது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. ராஜாவுக்குப் புத்தி பேதலித்துவிட, அவர் மகன் பார்த்துக்கொண்ட காலமாம். பொறுப்புத் தாசில்தார் மாதிரி பொறுப்பு ராஜா. அவர் பொறுப்பில் இருந்த அந்தச் சில வருடங்களை வைத்தே மூட்டை மூட்டையாகக் காதல் கதை எழுதியிருக்கிறார்கள். ரீஜென்ஸி என்று அதற்குப் பேர். எல்லாக் கதையும் கிட்டத்தட்ட ஒரே கதை என்பதால், நாலைந்து புத்தகத்திலேயே எனக்குப் போன் இல்லாமல் படிக்க வந்துவிட்டது.

பொத்தான் சோதனை

இதில் இரண்டு வகை உண்டு. அது எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. வாங்கிவந்த கட்டுக்குள் மூன்றாவதாக இருந்த புத்தகத்தைப் பாதி படித்துவிட்டுக் கூச்சத்தில் மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அங்கே அம்மா எடுத்துவிடுவாளோ என்று மறுபடி எடுத்து, கடைசியில் ஹெம்மிங் துணிக்குள் சுற்றிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது திருப்பிக் கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அட்டைப் படத்து ஆணின் சட்டையைப் பார்ப்பேன். பொத்தான் திறந்திருந்தால் எடுக்க மாட்டேன். கழுத்து வரை பொத்தான் போட்டு, மேலே ஒரு துணியையும் சுற்றிக் கட்டியிருந்தால் நல்ல புத்தகம். இன்றுவரை இந்தச் சோதனை தவறியதில்லை.

நல்ல புத்தகத்தில் எதுவுமே நடக்காது. பிரபு என்கிற அந்த ஊர் ஜமீன்தார் வருவார், தொப்பியைக் கழற்றுவார், மழை வரும்போல இருக்கிறது என்பார். அவளும் ஆமாம் என்பாள். அவர் போய்விடுவார். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பின்னால் எங்கோ ஒரு இடத்தில் வண்டியில் ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றிவிடுவார், அதுவும் உறை போட்ட கை. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

மழையில் நனைந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குத் தாங்காது. அதனால் எந்தப் புத்தகம் ஆனாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். கல்யாணம் நடந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டுதான் முதல் பக்கத்துக்கு வருவேன். அப்படிப் படித்தால் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்கள் நிம்மதி என்றால் என்னவென்று தெரியாதவர்கள்.

மாமன் மகன் இல்லையா?

இந்தக் கதைகளை நான் மட்டும் அனுபவிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரஜியா அக்கா மத்தியானம் வந்து நான் தைத்த ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு வைத்துக் கொடுக்கும். அது ஊக்கு வைக்க, நான் மிஷின் ஓட்டிக்கொண்டே கதை சொல்வேன்.

"ஏன் செல்வி, அந்தப் புள்ளைக்கு மாமன் மகன், அத்தை மகன்னு ஒருத்தன்கூடவா இல்ல?" என்று ஒரு நாள் கேட்டது.

"இருக்கான்க்கா. சித்தப்பா மகன். வீடு, நிலம் எல்லாம் அவனுக்குத்தான் போகுமாம். அவனையே கட்டச் சொல்றாங்க."

"அப்ப முடிச்சு வைக்க வேண்டியதுதான? சொத்து வெளிய போகாதுல்ல."

"அவனுக்குக் குணம் பத்தாதுக்கா."

"அங்கயும் சொந்தத்துல கட்டுறாங்களா?"

"கட்டுறாங்க."

"அட, நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த ஊக்கை எடுத்தது. அதற்குப் பிறகு இங்கிலாந்தைப் பற்றி அதற்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இருபத்து நாலு வயதிலேயே அந்தப் பெண்களுக்குத் தொப்பி மாட்டி, இனி இவளுக்குக் கல்யாணம் இல்லை என்று மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அந்த வரி வரும்போது மட்டும் அக்காவுக்குச் சத்தமாகச் சொல்லாமல் தாண்டிப் போவேன்.

யாரும் கேட்காத கேள்வி

இதற்கு முன்னாலும் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியும் அனுப்பினார்கள். தரகரிடம் சொல்வார்கள், தரகர் என் அண்ணன் பாண்டியிடம் சொல்வார், அண்ணன் அம்மாவிடம் சொல்வான், அம்மா பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நான் அதிலிருந்து புரிந்துகொள்வேன்.

ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. வேண்டாம் என்றவர்களும் கேட்கவில்லை, வேண்டும் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களும் கேட்கவில்லை. குறை சொல்வதற்கில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். பெரியவர்கள் பேசிப் பிடித்துப்போனால் மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து பூவை எடுத்துப் பெண்ணின் தலையில் வைப்பார். பூ வைத்தாகிவிட்டது என்றால் முடிந்தது. அதற்கு மேல் பெண் வேண்டாம் என்றால் அது ஊர்ப் பேச்சு.

ஆனால் நான் படித்த கதை ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் அவளைத் தனியாகப் பார்த்து, வாய் உலர, கேட்கிறார். வீடு ஒழுகுகிறவளாக இருந்தாலும் கேட்கிறார். அவள் பதில் சொல்லும் வரை நிற்கிறார். இத்தனை புத்தகம் படித்ததில் எனக்கு வேறு எந்த ஆசையும் வரவில்லை. கவுனைப் போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போக வேண்டாம். என்னையும் ஒருத்தர் கேட்டால் போதும் என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் பேர் கதிரேசன். ஒத்தக்கடையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. திருவாதவூர்ப் பக்கமிருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். முழுக்கைச் சட்டை போட்டு, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஆடி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதனால் எல்லோருக்கும் அவசரம். அவருடைய தாய்மாமன்தான் ஆரம்பித்தார். "காலம் மாறிப்போச்சு. மாப்ள, ரெண்டு பேரும் மாடில போயி அஞ்சு நிமிசம் பேசிட்டு வாங்க."

அந்தக் கதவுக்கு நாங்கள் எப்போதும் ஒரு உடைந்த செங்கலை முட்டுக் கொடுத்து வைப்போம். விருந்தாளி வருகிற நாளில் படியில் செங்கல் கிடந்தால் அசிங்கம் என்று அம்மா அன்று காலையில் படியைக் கழுவிவிட்டு அதை எடுத்துக் கொல்லையில் போட்டிருந்தாள்.

நிழலில் ஒரு ஆள்

"போன் பண்ணி வரச் சொல்லுங்க" என்றேன்.

"போனு கீழ சார்ஜ்ல கெடக்கு. ஒங்களுது?"

"பொண்ணு பாக்க வாரப்ப பொண்ணு கையில போன் இருக்கக் கூடாதுன்னு அம்மா வாங்கி பீரோல வச்சிருச்சு."

அவர் கைப்பிடிச் சுவர் பக்கம் நகர்ந்தார். "அப்ப ஒரு சத்தம் குடுக்கவா?"

"வேணாங்க! தெருவுக்கே கேட்ரும்."

"கேட்டாத்தான வருவாங்க."

"வாரவங்க என்ன நெனப்பாங்க?"

"கதவு மாட்டிக்கிச்சுன்னு நெனப்பாங்க."

"அப்படி யாருங்க நெனைப்பா?"

அவர் யோசித்துப் பார்த்தார். யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். கதவையாவது தட்டட்டுமா என்றார். மெதுவாகத் தட்டுங்கள் என்றேன். நோயாளி இருக்கிற வீட்டுக் கதவைப் போல ஒற்றை விரலால் தட்டினார். தெருமுனைக் கோயிலில் கொடைத் திருவிழா என்று மைக்செட் போட்டிருந்தார்கள். ஓங்கி உதைத்திருந்தால்கூடக் கீழே கேட்டிருக்காது.

புத்தகத்தில் இது வேறு மாதிரி இருக்கும். புயல் மழை, ஊருக்கு வெளியே ஒரு குடிசை, பிரபுவும் அவளும் தனியாக மாட்டிக்கொள்வார்கள். கணப்பு எரியும். காலையில் கண்டுபிடிப்பார்கள். அவள் பேர் கெட்டது. இனி அவர் அவளைக் கட்டித்தான் ஆக வேண்டும். எங்களுக்குக் கணப்பு தேவைப்படவில்லை. இரண்டு பேரும் செருப்பில்லாமல் நின்றிருந்தோம்.

நிழல் என்று இருந்தது தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் ஒரு ஆள் அகலத்துக்கு. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும்.

"நீங்க வந்து நெழல்ல நில்லுங்க" என்றார்.

"உங்க காலு கொப்பளிச்சிரும். நீங்க நில்லுங்க."

"சரி, மொறைத் தண்ணி மாதிரி வச்சுக்குவம். கொஞ்ச நேரம் நீங்க, கொஞ்ச நேரம் நானு."

அப்படியே மாறி மாறி நின்றோம். மாறுகிறபோது மிளகாய் வற்றலைச் சுற்றி எதிரெதிர்ப் பக்கமாகப் போனோம். ஒரு விமானம் தாழ்வாக வந்து எங்கள் தலைக்கு மேல் இறங்கிப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாங்கள் நன்றாகத் தெரிந்திருப்போம். அதில் வில்லாபுரத்து ஆள் யாராவது இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கொடில அந்தத் துண்டு பறந்துரும் போல" என்றேன். அவர் போய்க் கிளிப் போட்டார்.

"வத்தல் கருகிருமோ?" என்றேன். அவர் குனிந்து கிளறிவிட்டார்.

அப்போது பக்கத்து மாடியில் ரஜியா அக்கா துணி எடுக்க வந்தது. நடுவில் சந்து, தாண்ட முடியாது. மைக்செட் சத்தத்தில் பேசவும் முடியாது. நான் கதவைக் காட்டி, கையை ஆட்டி, கீழே போ, போய்ச் சொல் என்று சைகை காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பாக, புரிந்தது புரிந்தது என்று தலையை ஆட்டிவிட்டு, காய்ந்த துணியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டது.

பிறகு தெரிந்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "மாஷா அல்லா, மேல ரெண்டும் அம்புட்டுப் பொருத்தமா நிக்குதுங்க. என்னையே போகச் சொல்லிக் கையக் காட்டுறா. யாரும் போயித் தொந்தரவு பண்ணாதீக" என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அம்மா சீனி டப்பாவை எடுத்திருக்கிறாள்.

மேலே அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் கதிரேசன் ஊகித்துவிட்டார்.

"ரொம்ப நேரமாச்சு" என்றார். "கீழ முடிவே பண்ணிருப்பாக. இனி எறங்கிப் போயி வேணாம்னா ஒங்களுக்குத்தான் பேரு கெடும். அதனால முடிச்சுக்குவமா?"

இதே வார்த்தைகளை நான் எத்தனையோ பிரபுக்கள் சொல்லிப் படித்திருக்கிறேன். அவர்கள் மண்டியிட்டுச் சொல்வார்கள். இவர் நிழலுக்கு வந்தும் சூடு தணியாத காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார். ஆசைப்பட்ட கேள்வி இதுதான். ஆனால் கேட்டது இவர் இல்லை, நாதாங்கி.

"வேணாங்க" என்றேன்.

"ஏன், என்னையப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கா இல்லையான்னு இன்னும் தெரியல. ஆனா கதவு மாட்டிக்கிச்சுங்கறதுக்காக வேணாம்."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் நியாயந்தான்" என்றார். அவர் முறை முடியவில்லை, ஆனாலும் நிழலை விட்டு வெளியே வந்து என்னைப் போகச் சொன்னார்.

கையில் பூ

நாதாங்கியைத் தூக்கிக் கதவைத் திறந்தது பாண்டி அண்ணன். "பேசி முடிச்சாச்சா? அத்தை பூவோட வாராங்க."

அவனுக்குப் பின்னால் அவருடைய அம்மா, படியேறிய இளைப்பில், கையில் முழுசாக ஒரு பந்து பூவோடு. அவருக்குப் பின்னால் எங்கள் அம்மா. அம்மாவின் உதட்டோரம் சீனி ஒட்டியிருந்தது. கீழே ஒருவருக்கொருவர் வாயில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா சிரித்த முகமாக என் தலைக்குக் கையைக் கொண்டுவந்தார். நான் தலையை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனேன். போன இடம் மிளகாய் வற்றல்.

"என்னத்தா?" என்றார். பூ அந்தரத்தில் நின்றது.

"நான் இன்னும் சரின்னு சொல்லல அத்த."

மைக்செட்டும் சரியாக அந்த நேரம் பார்த்து நின்றது. படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். கீழேயிருந்து அவருடைய மாமா குரல் கொடுத்தார். "மாப்ள, இம்புட்டு நேரமா அங்கிட்டு என்னதான்டா பேசுனீங்க?"

"கதவப் பத்தி மாமா" என்றார் கதிரேசன்.

"கதவுக்கு என்ன? வீடு பிடிக்கலையா?"

"போன வருசந்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. கொண்டுவந்த பூவைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்று அந்த அம்மா அதை எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினார். வாசலில் செருப்பு மாட்டும்போது கதிரேசன் மட்டும் பொதுவாகச் சொன்னார். "அவுக மேல தப்பு இல்ல. நான் இன்னும் ஒழுங்காக் கேக்கல."

ஆடி

ஆடி பிறந்தது. பேச்சு நின்றது. ஒத்தக்கடைப் பேச்சு மட்டுமல்ல, எங்கள் வீட்டுப் பேச்சும் நின்றது. அம்மா என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் கேஸ் சிலிண்டரிடம் சொல்ல ஆரம்பித்தாள். "சோறு ஆறிப்போகுது, திங்கிறவங்க வந்து திங்கலாம்" என்று சிலிண்டரைப் பார்த்துச் சொல்வாள். நான் போய்ச் சாப்பிடுவேன்.

ரஜியா அக்கா தன் மேல்தான் தப்பு என்று இரண்டு நாள் அழுதது. மூன்றாவது நாள் என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஏன்டி, புஸ்தகத்துல முதல் தடவ கேக்குறப்ப அவ மாட்டேன்னுதான் சொல்லுவா, இல்ல?"

"ஆமாக்கா. சரின்னு சொல்லிட்டா புத்தகம் பாதியில முடிஞ்சிரும்."

"அவளுக்கு மிச்சம் பாதிப் புஸ்தகம் இருக்கு, மாட்டேன்னு சொல்றா. ஒனக்கு என்னடி இருக்கு?"

அந்த மாதம் முழுக்க என்னால் எந்தப் புத்தகத்தையும் எடுக்க முடியவில்லை. நான் சொன்னது சரி என்றுதான் மத்தியானம் வரை தோன்றும். மத்தியானத்துக்கு மேல், நியாயம்தான் என்று சொல்லிவிட்டு நிழலை விட்டுக் கொடுத்த ஒரு ஆள் இனி எந்த ஊரிலிருந்து வருவார் என்று தோன்றும். தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இரண்டு இடது கை வைத்து, பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

கவலைப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் அதுவரை நான் பட்டதெல்லாம் நடக்காத விஷயங்களுக்காகப் பட்ட கவலை. இது நடந்துவிட்ட விஷயம். இதற்கு எப்படிக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

ஆவணி

ஆவணி பிறந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். நான் மிஷினில் இருந்தேன். ரஜியா அக்கா தரையில் உட்கார்ந்து ஊக்கு வைத்துக்கொண்டிருந்தது. கதிரேசனைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தது.

"நான் வாரேன் செல்வி."

"நீங்க இருங்கக்கா" என்றார் அவர். "நீங்க இருந்தாத்தான் நல்லது."

படியேறி உள்ளே வரவில்லை. வெளியே சாக்கடைப் பலகை மேல் நின்றுகொண்டார். அன்றும் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். விரலிடுக்கில் வார்னிஷ் கறை. பார்த்தாலே தெரிந்தது, வருகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

"எங்கிட்ட வார மோட்டாரு எல்லாம் எரிஞ்ச பெறகுதான் வரும்" என்று ஆரம்பித்தார்.

ரஜியா அக்கா என்னைப் பார்த்தது.

"சத்தம் மாறுறப்பவே கொண்டாந்தா காயிலு தப்பிக்கும். யாரும் கொண்டாரதில்ல. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு ஓட்டுவாங்க. எங்க வீட்டுலயும் எல்லாம் அப்படித்தான். எங்கப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் இருந்தோம்." விரல் கறையைத் தேய்த்துக்கொண்டார். "அன்னைக்கு மாடில நீங்க எதெதுக்கெல்லாம் பயந்தீகன்னு வீட்டுக்குப் போயி நெனச்சுப் பாத்தேன். துண்டு பறந்துரும்னீக. வத்தல் கருகிரும்னீக. என் காலு கொப்பளிச்சிரும்னீக. என் காலப் பத்தி அதுவரைக்கும் ஒருத்தரும் நெனச்சதில்ல. அன்னைக்குக் கொப்பளிக்கத்தான் செஞ்சுச்சு."

மிஷின் சக்கரத்தில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

"இப்படி ஒரு ஆளு வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அன்னைக்குக் கதவுக்காகக் கேட்டேன். இது அது இல்ல. என்னையக் கட்டிக்கிறீகளா?"

கேட்டுவிட்டு நின்றார். பதிலுக்கு நின்றார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது, அதற்கும் நகரவில்லை. பைக் நடுரோட்டில் நின்றிருந்தது.

புத்தகத்தில் இந்த இடத்தில் அவளுக்குக் கண்ணீர் வரும், பிறகு இரண்டு பக்கத்துக்கு அழகாகப் பேசுவாள். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பைக்கின் கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை. அதில் ஒரு தூசிகூட இல்லை.

"ஹெல்மெட் போடாமயா வந்தீங்க?"

"இந்தா இருக்கிற தூரந்தானே..."

"ஒத்தக்கடையா இந்தா இருக்கு? ரிங் ரோட்டுல எம்புட்டு லாரி போகுது! ஒருத்தன் பிரேக் பிடிக்காம வந்தா என்ன செய்வீங்க?"

"தம்பி, அத எடுத்து மாட்டிக்கங்க" என்றது ரஜியா அக்கா. "அவ சரின்னு சொல்லிட்டா."

"அக்கா, நான் எங்க சொன்னேன்?"

"அப்பச் சொல்லித் தொலடி!"

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். மடியிலிருந்த நூல் துண்டுகளைத் தட்டிவிட்டேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்கிறவருக்கு மட்டும்தான் வாய் உலரும் என்று எழுதியிருக்கிறார்கள். அது தப்பு.

"எனக்குச் சம்மதங்க" என்றேன். "ஹெல்மெட்ட மாட்டிட்டுப் போங்க. கடைக்குப் போனதும் மறக்காம ஒரு போன் பண்ணுங்க."

அவர் சிரிக்கவில்லை. ரொம்பக் கவனமாக ஹெல்மெட்டை மாட்டி, கீழே பட்டியையும் போட்டார். ரஜியா அக்கா என் நம்பரைச் சொல்ல, போனில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பைக் தெருமுனையில் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு தையல்கூட நேராக விழவில்லை. இப்போது சிக்னலில் நிற்பார் என்று நினைப்பேன். இப்போது பாலத்தில் ஏறுவார். லாரிக்காரன் சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வருகிற நேரம். அக்கா ஏதோ பேசிக்கொண்டே இருந்தது, எதுவும் காதில் விழவில்லை.

என் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. அது அடித்தது. நான் எழுந்து ஓடுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். "யாரு?" என்பது கேட்டது. பிறகு "சரி" என்றாள். பிறகு அந்தப் பக்கம் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை "சரி" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள ஒத்தக்கடை வந்துட்டாராம்" என்றாள். "ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாரு."